முகம் காட்டாதவர்கள்

எங்கேயாவது விமானம் விழுந்தது என்று செய்தி வந்தால், எங்கள் ராஜகுளத்து டீக்கடையில் முதல் வேலையாகத் தேதி கிழிக்கிற காலண்டரைப் பார்ப்பார்கள். என்ன கிழமை, ராகு காலமா, எமகண்டமா, அஷ்டமியா, நவமியா என்று அலசி முடித்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். நான் குறை சொல்லவில்லை. அத்தனை உயிர் ஒரே மூச்சில் போனதற்கு ஏதோ ஒரு காரணம் கையில் அகப்பட்டால்தானே டீ தொண்டையில் இறங்குகிறது.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், ஏறின கையோடு இறங்கி ஒரு மருத்துவக் கல்லூரி விடுதிமேல் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். தரையில் இருந்தவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் 260 பேர். டீக்கடை டிவியில் நாங்கள் வாயடைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்த்துச் சொல்லும் என் கூட்டாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “வியாழக்கெழம ஒண்ணரைலேர்ந்து மூணு வரைக்கும் ராகு காலம். ஒண்ணு முப்பத்தொம்பதுக்குக் கெளப்பிக்கிறான். இன்னாத்த சொல்றது?” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ராகு காலத்தில் மீனம்பாக்கத்தில் ஏறிய விமானங்கள் தினமும் எங்கள் ஏரிக்கு மேலே பறந்து ஒழுங்காகப் போய்ச் சேருகின்றன. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சாவுச் செய்தி ஓடும்போது வழக்காடுவது அழகில்லை என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அந்த விமானத்தின் எண் 171. எங்கோ கேட்ட எண்ணாக இருந்தது.

ராத்திரி பேரன் செல்போனில் தேடிக் காட்டினான். 1976 அக்டோபர் 12-ஆம் தேதி பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்துக்கும் எண் 171தான். ராணி சந்திரா போனது அதில்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. மலையாளத்து நடிகை, நல்ல நாட்டியக்காரி. கே. ஜி. ஜார்ஜ் இயக்கிய முதல் படமான ‘ஸ்வப்னாடனம்’ படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது வாங்கியவர். தமிழில் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கத்தில் சிவகுமாருக்கு ஜோடியாக ‘பத்ரகாளி’யில் நடித்துக்கொண்டிருந்தார். வளைகுடா நாடுகளில் கலைநிகழ்ச்சி நடத்திவிட்டு அம்மா, சகோதரிகள், குழுவினரோடு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் ஏறிய விமானம் அது. ஏறிய 89 பயணிகளும் 6 ஊழியர்களும், ஆக 95 பேரும் போனார்கள். ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அன்றைக்கும் இதே டீக்கடைப் பேச்சுதான். அப்போது கடைக்குக் கீற்றுக் கூரை, டிவிக்குப் பதிலாக ரேடியோ. அன்று செவ்வாய்க்கிழமை. “செவ்வாயோ வெறுவாயோன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” என்றார் ஒருவர். சினிமாப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிக்கும் இன்னொருவர், “பத்ரகாளின்னு பேர் வச்சி வேஷம் கட்டினா ஆத்தா சும்மா வுடுவாளா?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் இருபது வயசு வேகத்தில் ஆமாம் ஆமாம் என்று இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டியிருப்பேன். இத்தனைக்கும் விமானம் விழுந்தது நடுராத்திரி தாண்டிய நேரம். பஞ்சாங்கப்படி நாள் பிறப்பது சூரிய உதயத்தில். பொழுது விடியாத அந்த நேரம் திங்கட்கிழமைக் கணக்கில்தான் சேரும். இதை இப்போது என் கூட்டாளியிடம் எடுத்துச் சொன்னால், “நீ ரொம்பப் படிச்சிட்டே” என்று அன்றைய டீக்காசை என் தலையில் கட்டிவிடுகிறார்.

அந்தக் காலத்தில் நான் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரியிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மேலே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். அதில் வரிசையாகப் புல்லிகள். மோட்டாரிலிருந்து வரும் பெல்ட் அதைச் சுற்ற, அங்கிருந்து இறங்கும் பெல்ட்டுகள் ஹல்லர்களைச் சுற்றும். மேஸ்திரி தினமும் காலையில் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஏணி வைத்து ஏறி, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு புல்லியையும் தட்டிக்கொண்டே போவார். வார்ப்பு நன்றாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும். விரிசல் விட்டிருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். “கண்ண மூடிக்கினு கேளு நைனா” என்பார். கண்ணை மூடினால் தூக்கம் வந்தது.

அந்தத் தை மாசம், சம்பா அறுவடை மில்லில் மலையாகக் குவிந்து கிடந்தபோது, ஒரு புல்லியைத் தட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். மறுபடியும் தட்டினார். இறங்கிவந்து, “இன்னிக்கி மில்லு ஓடாது” என்றார். முதலாளி குதித்தார். வெளியே மாட்டுவண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வண்டிக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். புல்லியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, பளபளவென்று இருக்கிறது. மேஸ்திரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார். கிரீஸையெல்லாம் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் ஊறவிட்டார். பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். முதலாளி நடந்துகொண்டே இருந்தார். கால்மணி நேரம் போயிருக்கும். வெள்ளைப் பொடியில், ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஈரமாக ஒரு கோடு எழுந்தது. விரிசலுக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

அந்தப் புல்லி முழு வேகத்தில் சுற்றும்போது சிதறியிருந்தால் கீழே நெல் அள்ளிக்கொண்டிருந்த பெண்களில் யார் மிஞ்சியிருப்பார்கள் என்று தெரியாது. காஞ்சிபுரத்தில் புதுப் புல்லி வாங்கி வந்து மாட்ட ஒருநாள் வேலை கெட்டது. வண்டிக்காரர்கள் போகும்போது மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே போனார்கள். நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

பம்பாய் விமானத்தின் கதையும் ஒரு விரிசலின் கதைதான் என்று எனக்குத் தெரியவர ரொம்ப வருஷம் ஆயிற்று. அது பிரெஞ்சுக்காரர்கள் செய்த கேரவல் ரக விமானம். வால்பக்கம் இரண்டு எஞ்சின். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பகுதியில் அடுக்கடுக்காக வட்டத் தகடுகள் சுழலும். அதில் பத்தாவது தகட்டில் ஒரு கீறல். உலோகம் திரும்பத் திரும்ப விசையைத் தாங்கித் தாங்கி உள்ளுக்குள்ளே அயர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியாமல் தொடங்குகிற கீறல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அன்று ராத்திரி விமானம் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தகடு வெடித்துச் சிதறி, எஞ்சினின் கூட்டைப் பிய்த்து, எரிபொருள் குழாயை அறுத்தது. தீ பிடித்தது. விமானி திரும்பி ஓடுபாதைக்கு வரப் பார்த்திருக்கிறார். ஆனால் இறக்கையையும் வாலையும் அசைக்க உதவும் ஹைட்ராலிக் திரவத்தை அந்தத் தீ தின்றுவிட்டது. பிடி கையை விட்டுப் போயிற்று. ஓடுபாதையை எட்டுவதற்குள் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கும் பத்ரகாளிக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

இதைப் படித்துக் காட்டிய பேரன், வெளிநாட்டுப் பாட்டுக்காரர்கள் பலர் விமானத்தில் போன கதைகளையும் சொன்னான். அமெரிக்காவில் பட்டி ஹோலி என்றொரு இளைஞர். வயசு 22. கிடார் வாசித்துப் பாடி ஊரையே ஆடவைத்தவர். கடுங்குளிரில் ஊர் ஊராகக் கச்சேரி. அவர்கள் போன பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வெறுத்துப்போய் ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். அவர் குழுவில் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலில் இருந்த சகபாடகர் ஒருவருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்து பஸ்ஸிலேயே போனார். இன்னோர் இடத்துக்கு நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். 17 வயசு ரிச்சி வேலன்ஸ் ஜெயித்தார். 1959 பிப்ரவரி 3-ஆம் தேதி, நடுராத்திரி தாண்டிக் கிளம்பிய விமானம் சில நிமிஷத்தில் பனிவயலில் விழுந்தது. என்ன கிழமை என்று எனக்கே ஆசை அடங்காமல் பேரனைப் பார்க்கச் சொன்னேன். செவ்வாய்! மறுநாள் கூட்டாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. ஜான் டென்வர் என்ற இன்னொரு பாடகர் தன் சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக் கடலில் விழுந்தார். ராணி சந்திரா போன அதே அக்டோபர் 12, வருஷம் 1997. கிழமை ஞாயிறு. எஞ்சினுக்கு எந்த டாங்கிலிருந்து எரிபொருள் போக வேண்டும் என்று மாற்றும் கைப்பிடியை அந்த விமானத்தில் ஓட்டுபவரின் தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம். நடிகை சௌந்தர்யா பெங்களூரு ஜக்கூரில் போனது 2004 ஏப்ரல் 17, சனிக்கிழமை. நமக்கு வடக்கே சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக் காட்சியில் மலையாள நடிகர் ஜெயன் போனது 1980 நவம்பர் 16, ஞாயிறு. “இப்படியே போனா பொறக்கறதுக்குக்கூட ஒரு கெழம மிச்சம் இருக்காதே” என்று கூட்டாளி காலண்டரை விட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

பட்டி ஹோலியின் கதையில் என்னைத் தொட்டது வேறு. மூன்று பாட்டுக்காரர்கள் போனார்கள் என்றுதான் உலகம் பேசுகிறது. விமானத்தில் இருந்தது நான்கு பேர். நாலாமவர் விமானி, ரோஜர் பீட்டர்சன். 21 வயசுப் பையன். அந்த வயலில் மூன்று பேருக்கு நினைவுச்சின்னம் வைத்து வருஷக்கணக்கில் மலர் வைத்தார்கள். விமானிக்கு ஒன்று வைக்க 2009 வரை ஆயிற்று. தப்பு அவர் பேரிலும் இருந்திருக்கலாம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி அவருக்கு இல்லை என்றும், வானிலை எச்சரிக்கை முழுசாக அவர் காதுக்கு எட்டவில்லை என்றும் விசாரணை சொன்னது. ஆனால் அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே.

நம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 95 பேர் போன விமானத்தில் ஒரு பெயரைத்தான் நான் இத்தனை வருஷம் மனசில் வைத்திருக்கிறேன். மீதி 94 பேருக்காகவும் அந்தத் தேதியில் விளக்கேற்றி வைத்து அழுதிருப்பார்கள்.

‘பத்ரகாளி’ நின்றுபோகவில்லை. எடுத்து முடிக்காத காட்சிகளை, புஷ்பா என்ற குழு நடனப் பெண்ணை ராணி சந்திராவுக்குப் பதிலாக நிற்கவைத்து எடுத்து முடித்தார்கள். அந்த டிசம்பரிலேயே படம் வெளியாகி நன்றாக ஓடிற்று. எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும்போது வெயில் காலம் வந்துவிட்டது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். கதை எல்லாருக்கும் தெரியும். எந்த இடத்தில் டூப்பு வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இளவட்டங்களுக்கு வேலை. முதுகு தெரிந்தால் ஒரு விசில், தூரத்தில் உருவம் வந்தால் இன்னொரு விசில், “அது ராணி சந்திரா இல்ல டோய்!” என்று ஒரு கூச்சல். தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு பாட்டியம்மா குரல் எழுந்தது. “எவ பெத்த பொண்ணோ, செத்துப்போனவளுக்காவ வந்து நிக்கிது. மூஞ்சியக் காட்டாம ஒழச்சிட்டுப் போவுது. அதப் பாத்து ஊளையிடறீங்களே, நீங்கள்ளாம் மனுசப் பசங்களா?” கொட்டகை கப்பென்று அடங்கிவிட்டது. இடைவேளையில் முறுக்கு விற்கிற பையன்கூட மெதுவாகத்தான் கூவினான்.

எனக்கு அந்தப் பாட்டியம்மா சொன்னதுதான் படத்தைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. குழு நடனத்தில் பத்தோடு பதினொன்றாக நின்ற பெண். அவளைக் கூப்பிட்டு, நீ கதாநாயகியாக நிற்க வேண்டும், ஆனால் உன் முகம் தெரியக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அவள் நன்றாகச் செய்தால் செய்தது அவள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துபோனால் வேலை கெட்டது என்று அர்த்தம். மேஸ்திரி பார்த்த வேலையும் அந்த ஜாதிதான். எஞ்சின் தகட்டைக் கழற்றிக் கீறல் தேடுகிறவர்களின் வேலையும் அதுவே.

அந்தப் படத்துக்கு இளையராஜா இசை. ‘அன்னக்கிளி’ வந்த அதே வருஷம். அப்போது அவர் பெயர் புதுசு. வாலி எழுதி, ஜேசுதாசும் சுசீலாவும் பாடிய ‘கண்ணன் ஒரு கைக்குழந்தை’ பாட்டை என் வீட்டுக்காரி எங்கள் பிள்ளைகளுக்கும் பாடினாள், பேரப்பிள்ளைகளுக்கும் பாடினாள். திரையில் அதற்கு நடித்த பெண் உயிரோடு இல்லாமல்தான் படம் வெளிவந்தது என்று ஒருநாள் சொன்னேன். தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். “புள்ள தூங்கற நேரத்துல இதச் சொல்லித்தான் ஆவணுமா?” என்று முறைத்தாள். அப்புறம் குரலை இறக்கி, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

முகம் காட்டாதவர்கள் என்றால் எனக்கு உத்திரமேரூரும் ஞாபகம் வரும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துவருவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தலைப் பற்றி ஆசிரியர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். எனக்கு அதில் பிடித்தது ஏரி வாரியம். ஓலை போட்டு எடுத்த 6 பேர் ஒரு வருஷத்துக்கு ஏரியைக் கவனிக்க வேண்டும். ராஜாவின் வெற்றியைக் கல்லில் வெட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஆளை எப்படிப் பொறுக்குவது என்பதைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. அந்த வாரியத்தில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது.

அகமதாபாத் விபத்துக்குப் பிறகு ஏர் இந்தியா 171 என்ற எண்ணை எடுத்துவிட்டு, அந்த விமானத்துக்கு 159 என்று மாற்றிவிட்டது. என் கூட்டாளிக்கு அதில் பரம திருப்தி. எனக்கும் வருத்தம் இல்லை. உறவைப் பறிகொடுத்தவர்கள் அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் மறுபடி பார்க்க வேண்டாம். எண்ணை மாற்ற ஒரு கையெழுத்து போதும். தகட்டைக் கழற்றிப் பார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அந்த நேரத்துக்கு முதலாளி கோபப்படாமல் இருக்க வேண்டும்.

விமானத்தில் ஏறுகிற யோகம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. உங்களில் பலர் ஏறுவீர்கள். எஞ்சினில் ஏதோ பார்க்கிறார்கள், ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தால் அந்தப் பணிப்பெண்ணிடம் எரிந்து விழாதீர்கள். அவ்வளவு தூரம் எதற்கு? காலையில் உங்கள் பிள்ளை ஏறும் பள்ளிக்கூட வேனை ஓரங்கட்டிவிட்டு, டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், பின்னால் நின்று ஹாரன் அடிக்காதீர்கள்.